கண்ணாடிக் கண்மாய்

1

கோரிப்பாளையத்துப் பழைய சாமான் கடையொன்றில் கால் உடைந்த ஈயச் சிப்பாய் என்னை நிமிர்ந்து பார்த்தது என்றுதான் இந்தக் கதையை முதலில் தொடங்கினேன். பொய். என்னிடம் சிப்பாயும் கிடையாது, கடையும் கிடையாது. அலங்காநல்லூர்ப் பக்கம் வயலுக்கு வண்டி வண்டியாக வண்டல் அடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம், மண் ஏன் இரண்டு நிறமாக இருக்கிறது என்று கேட்டேன். அவ்வளவுதான் கதையின் பிறப்பு.

"மேல கெடக்கிறது கண்மாய் மண்ணு, கீழ கெடக்கிறது வயல் மண்ணு. ரெண்டும் வேற வேற" என்றார் அவர்.

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு மூன்று வருடம் சும்மா இருந்தேன். பிறகு அதன்மேல் ஒரு போரைக் கட்டினேன். ஆகவே கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்துக் கடிதங்களைப் புரட்டி இந்தச் சண்டையைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இது நான் நடத்திய சண்டை. ஊர்ப் பெயரையும் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் ஊரும் என்னுடையதுதான்.

2

1934. ஆனி மாதத்து வெயிலில் வீரணன்…

[வெயிலில் தொடங்கும் கதைகள் எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே அதிகம். மறுபடி தொடங்குகிறேன்.]

வீரணனின் மடியில் நூற்றி நாலு பேருடைய சாவு கனத்தது.

[கொஞ்சம் அதிகப்படி. ஆனாலும் இருக்கட்டும், ஏனென்றால் கனம் உண்மை.]

வீரணனுக்குச் சொந்த நிலம் இல்லை. ஊர்ப் பெரியவர் நல்லகாமன் அம்பலத்தின் வயலில் கூலிக்கு உழுகிறவன். மூன்று வருடமாக அவன் கொழுமுனையில் உருண்டைகள் புரண்டு வந்தன. வெள்ளை பூத்த, கோலிக்காய் அளவு ஈய உருண்டைகள். ஊரில் அவற்றை மீன் வலைக்குக் கட்டக் கொடுத்துவிடுவார்கள். வீரணன் கொடுக்கவில்லை. சேர்த்து முடிந்துகொண்டு கோரிப்பாளையத்துக்கு வந்தான், அப்துல் லத்தீபின் கடைக்கு.

லத்தீப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். அதற்கு முன்னால், போன மகா யுத்தத்தில் பஸ்ராவரைக்கும் போய்க் கால் ஊனமாகித் திரும்பியவர். உருண்டையைக் கையில் வாங்கியதுமே அவர் முகம் மாறியது.

"இது துப்பாக்கிக் குண்டு, வீரணா. கருமருந்து போட்டு இடிச்சுச் சுடுற காலத்துது. எங்க கெடச்சுது?"

"வயல்ல, பாய். இன்னும் கெடக்கு."

லத்தீப் அன்றைக்கு வந்த பாத்திரம் எதையும் தொடவில்லை.

3

அடுத்து லத்தீப் அந்தக் குண்டுகளைச் சிப்பாய்களாக வார்ப்பதாக எழுத வேண்டும். இங்கே எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நிஜச் சண்டையைப் பார்த்து வந்த மனிதர், ஈயத்தில் சிப்பாய் வார்த்து மேசையில் சண்டை ஆடுவாரா? பஸ்ரா முகாமில் வெள்ளைக்கார அதிகாரிகள் மணலைப் பரப்பி, பொம்மைப் பட்டாளத்தை நிறுத்தி, பழைய போர்களைத் திரும்ப ஆடிப் பார்த்ததை அவர் கண்டிருக்கிறார் என்று எழுதினேன். அது காரணமாகத் தோன்றவில்லை. பிறகு அவரையே பேசவிட்டேன்.

"சண்டையில நின்னவனுக்குச் சண்டை தெரியாது, வீரணா. பொகை தெரியும், பக்கத்துல விழுந்தவனத் தெரியும். அம்புட்டுத்தேன். ஒரு தடவையாச்சும் மேல இருந்து பாக்கணும் எனக்கு."

சரி என்று விட்டுவிட்டேன்.

தட்டையாக நசுங்கிய பதினேழு குண்டுகளை லத்தீப் ஒரு மூக்குப்பொடி டப்பாவில் போட்டு மூடினார். அவற்றை உருக்க மாட்டேன் என்றார். மீதி எண்பத்தேழு. மாக்கல்லில் அச்சு செதுக்கி, குண்டை உருக்கி ஊற்றி, ஆறவிட்டுப் பிளந்தபோது உள்ளே இரண்டு விரல் உயரத்தில் ஒரு ஆள், தோளில் துப்பாக்கியோடு நின்றான். ஒரு குண்டுக்கு ஒரு ஆள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.*

வீரணன் அதைத் தொடப் பயந்தான்.

"பாய், இது ஒருத்தனக் கொல்ல வந்ததுல்ல?"

"ஆமா."

"இப்ப ஒருத்தனா நிக்கிதே."

லத்தீப் அச்சைக் கீழே வைத்தார். அந்த இடத்தில் நானும் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்து படித்தபோதும் மலைப்பு அடங்கவில்லை.

(* இந்தக் கணக்கை நான் திட்டமிடவில்லை. எடை போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய சரியாகவே வருகிறது.)

4

வீரணனுக்கு இதில் என்ன? பொம்மை பார்க்கவா எட்டு மைல் நடந்து வருவான்?

ஊர்க் கதை இது. கும்பினிப் படை பீரங்கியோடு வருகிறது. கண்மாய் நிரம்பிக் கிடக்கிறது. மடையைத் திறந்துவிட்டால் வயலெல்லாம் சேறாகிப் பீரங்கி புதைந்துவிடும். மடையைத் திறந்து மூடுகிற நீர்பாய்ச்சி சின்னக்கருப்பனிடம் சொல்லி வைத்தார்கள். அவன் திறக்கவில்லை, கும்பினியிடம் காசுக்குக் கைநீட்டிவிட்டான். பாளையத்து ஆட்கள் வயலிலேயே செத்தார்கள்.

அந்தச் சின்னக்கருப்பனின் ஆறாம் தலைமுறைதான் வீரணன். (எங்கள் பக்கத்தில் எத்தனை தலைமுறைக்கு முந்தியவரானாலும் பூட்டன் என்றே சொல்வோம்.) ஊரில் அவன் வீட்டுக்குப் பெயர் 'திறக்காதவன் வீடு'. அன்றிலிருந்து அந்த வகையறா மடையில் கை வைக்கக் கூடாது. இப்போது இருந்த நீர்பாய்ச்சி வாரிசில்லாமல் இறந்துபோனார். ஆடி பிறந்ததும் ஊர் கூடிப் புதிய ஆளைச் சொல்லும். எந்த வாய்க்காலில் எத்தனை நாழிகைக்குத் தண்ணீர் ஏறும் என்று வீரணனுக்குக் கனவில் கேட்டாலும் தெரியும். அவன் பெயரை எடுக்கத்தான் ஆள் இல்லை.

லத்தீப் கடையில் ஒரு பழைய கதவை இரண்டு பிரியாணி தேக்சா அண்டாக்கள்மேல் போட்டுப் போர்க்களம் அமைத்தார். (கல்யாண வீட்டார் தேக்சா கேட்டு வந்தால் இரண்டு படைகளும் கதவோடு தரைக்கு இறங்கும்.) கண்மாய்க்கு அவர் மனைவி ஹாஜராவின் முகக்கண்ணாடி. "வேலை முடிஞ்சதும் கீறல் இல்லாமத் தரணும்" என்று சொல்லித்தான் கொடுத்தாள். வயலில் இரண்டு படைகளும் எதிரெதிரே நின்றன. யார் சுட்டது பட்டது, யார் பின்வாங்கினார் என்பதைத் தாயக்கட்டை சொல்லும். மடைக்கும் கட்டைதான். தாயம் விழுந்தால் மடை திறக்கும்.

ஏழு ஆட்டம் ஆடினார்கள். இரண்டில் தாயம் விழுந்தது. இரண்டிலும் கும்பினி தோற்றது.

வீரணன் கட்டையைக் கீழே வைத்துவிட்டான். "எங்க பூட்டன் யோக்கியத்தக் கட்டைய உருட்டியா பாக்குறீக, பாய்? தெறந்திருந்தா செயிச்சிருப்பாகன்னு ஊரு சொல்றதத்தான இதுவும் சொல்லுது."

5

லத்தீப் வருத்தப்பட்டார். தப்பு எங்கோ இருக்கிறது, களம் சரியில்லை என்றார். வயலுக்காகப் பரப்பியிருந்த மரத்தூளை வாரிக் கொட்டிவிட்டு, அந்த வயலின் மண்ணையே கொண்டுவரச் சொன்னார்.

வீரணன் ஒரு கூடை கொண்டுவந்தான். கதவின்மேல் கொட்டினான். பாதி கருப்பு, பாதி சிவப்பு.

"ஏன் ரெண்டு நெறம்?"

"கருப்பு மேல் மண்ணு பாய், கண்மாய் வண்டல். கோடைக்குக் கோடை நாந்தேன் வண்டி கட்டி அடிக்கிறேன். செகப்பு அடி மண்ணு."

"குண்டு எதுல கெடச்சுது?"

வீரணன் கூடையில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தான். மூன்று வருடம் பொறுக்கிய நூற்றி நாலு குண்டும் அவன் கண் முன்னால் வந்தது. அத்தனையும் கருப்பில். செம்மண்ணில் ஒன்றுகூட இல்லை. வண்டல் அடிக்காத பக்கத்து வயலில் ஒன்றுகூட இல்லை.

"குண்டு நம்ம வயல்ல விழல, பாய்" என்றான் மெதுவாக. "நாந்தேன் வண்டியில ஏத்திக் கொண்டாந்திருக்கேன். சண்டை நடந்தது கண்மாய்க்குள்ள."

லத்தீப் பொடி டப்பாவைத் திறந்து நசுங்கின குண்டுகளைப் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து கண்ணாடியைத் தூக்கினார்கள்.

6

[இந்தப் பகுதியை ஐந்து முறை எழுதினேன். ஐந்திலும் உவமைகள் கூட்டம் போட்டன. எல்லாவற்றையும் விரட்டிவிட்டு, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.]

வறண்ட கண்மாய்க்குள் நாற்பத்தொரு பேரை நிறுத்தினார்கள். உயர்ந்த கரையைக் கோட்டைச் சுவராக நினைத்து, வயல் பக்கம் பார்த்தபடி நின்றார்கள் பாளையத்து ஆட்கள். பீரங்கி வயல் வழியாகத்தான் வரும் என்று எண்ணியிருக்க வேண்டும். கும்பினி ஆட்கள் நாற்பத்தாறு பேரைக் கரையே இல்லாத, தண்ணீர் உள்ளே வருகிற வரத்துக்கால் பக்கம் நிறுத்தினார்கள். கட்டையை உருட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. முதுகுப் பக்கம் துப்பாக்கி, முகத்துக்கு நேரே இரண்டு ஆள் உயரக் கரை. ஓட இடமில்லை.

யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. திறப்பதற்குத் தண்ணீரே இல்லை.

வீரணன் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். நூற்றி எண்பது வருடத்துக்கு முன்னால் அந்தக் கரையில் நின்ற யாருக்கும் தெரியாதது அவனுக்குத் தெரிந்தது. "அல்லாவும் இப்பிடித்தேன் பாப்பாரோ, பாய்" என்றான். லத்தீப் தலையில் குல்லாவைச் சரிசெய்துகொண்டார்.

7

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்லகாமன் அம்பலம் வில்வண்டியில் வந்து இறங்கினார். லத்தீப்தான் சொல்லி அனுப்பியிருந்தார். அதுவரை பலகையில் உட்கார்ந்திருந்த வீரணன் எழுந்து சுவரோரம் போனான்.

ஒன்றை நான் இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். பாளையத்துப் படையை அன்று நிறுத்தியவர் நல்லகாமனின் பூட்டன். நாற்பத்தொரு பேரில், தலைப்பாகைக்குச் சிவப்புப் பூசிக் கரையோரம் நின்ற சிப்பாய் அவர்தான்.

அம்பலம் வெகுநேரம் பார்த்தார். மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"குண்டு தண்ணிக்குள்ள விழுந்திருக்கலாம்ல?"

லத்தீப் டப்பாவிலிருந்து நசுங்கின குண்டொன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "தண்ணியில விழுந்தது உருண்டையாத்தேன் கெடக்கும், அம்பலம். இது ஆளு மேல பட்டது."

அம்பலத்தின் கை மூடிக்கொண்டது.

"அப்ப தப்பு எங்க பூட்டன் மேலயா? ஏண்டா வீரணா?"

வீரணன் தலையைக் குனியவில்லை. "தப்புன்னு நான் சொல்லலங்கய்யா. தண்ணி இல்லைன்னுதேன் சொல்றேன்."

8

முடிவுகள்:

நல்லகாமன் மறுவாரமே ஊரைக் கூட்டி வீரணன் பெயரைச் சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

நல்லகாமன் கதவை எட்டி உதைக்கிறார், எண்பத்தேழு பேரும் சிதறுகிறார்கள். சுலபமாக எழுதிவிடலாம். ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

ஹாஜரா வந்து, வேலைதான் முடிந்துவிட்டதே என்று கண்ணாடியை வாங்கிக்கொண்டு போகிறாள். சிரிக்கலாம். வீரணனுக்குத்தான் சிரிப்பு வராது.

நான் எழுதியது இதுவரைதான்: நல்லகாமன் சுவரில் சாய்ந்திருந்த கண்ணாடியை எடுத்தார். பழையபடி கண்மாயை நிரப்பிவிட்டால் பூட்டன் தப்பித்துவிடுவார், ஊர்க் கதை அப்படியே இருக்கும். ஆனால் கண்ணாடி வைக்கிற இடத்தில் நாற்பத்தொரு பேர் நிற்கிறார்கள். அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒருவனை எடுத்தார். இன்னொருவனை எடுத்தார். சின்ன ஆட்கள்தான், ஆனால் ஒவ்வொருவனும் ஒரு குண்டின் கனம். மூன்றாவது ஆளிடம் நீண்ட கை அப்படியே நின்றுவிட்டது.

வீரணன் சுவரோரம் நின்றபடி அந்தக் கையைப் பார்க்கிறான். ஆடி பிறக்கப் பதினொரு நாள் இருக்கிறது. இனி அந்தக் கை உங்களுடையது. கண்ணாடியை வைப்பதானால் வைத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன். இன்னும் முப்பத்தொன்பது பேர் நிற்கிறார்கள், ஒவ்வொருவராகத்தான் எடுக்க வேண்டும்.