பால் குடித்ததற்கு அடையாளம்

எதையும் எழுதி வைக்காவிட்டால் ஞானகுமாரிக்கு நம்பிக்கை வராது. எழுதி வைத்தாலும் முழு நம்பிக்கை வராது. சரியாகத்தான் எழுதினோமா என்று திரும்பப் பார்ப்பாள். அப்படிப்பட்டவளிடம் கண் திறக்காத நான்கு நாய்க்குட்டிகள் வந்து சேர்ந்தன.

ஆவடி குவார்ட்டர்ஸில் செவ்வாய்க்கிழமை காலை தண்ணீர் லாரியில் அடிபட்டுத் தாய் நாய் செத்துப்போனது. மாடிப்படிக்கு அடியில் குட்டிகள் கத்திக்கொண்டு கிடந்தன. குமாரி அவற்றைப் பழக்கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினாள். டாக்டர் லீவு. கம்பவுண்டர் கஜபதிதான் இருந்தார்.

"மாட்டுப்பால் ஆவாதும்மா, பேதி புடுங்கிடும். ஆட்டுப்பால காய்ச்சி, வெதுவெதுன்னு இருக்கசொல்ல குடு. புது இங்க் ஃபில்லரு ஒண்ணு வாங்கிக்க. குட்டி சில்லுன்னு கீதுன்னா மொதல்ல சூடு காட்டு, அப்பால பாலு. முக்கியமா மல்லாத்தாத. குப்புற வச்சு, சொட்டுச் சொட்டா வுடு. மல்லாத்தினா பாலு மூச்சுக்கொழாய்ல பூடும். குட்டி காலி."

"எவ்வளவு சார்?"

"ரெண்டு மணிக்கொரு தபா, நாலு ஃபில்லரு. வயிறு உருண்டா போதும், மத்தளம் ஆவக்கூடாது. குடிச்சப்புறம் ஈரப் பஞ்சால அடில தடவி வுடு. தாய் நக்கினாத்தான் அதுங்களுக்கு ஒண்ணுக்கே வரும்."

குமாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு அவரிடமே படித்துக் காட்டினாள். இரண்டாம் தடவை படிக்க ஆரம்பித்தபோது அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கரீட்டும்மா. போய்க்கினே இரு."

சிக்கல் மாலையில் இருந்தது. ஐந்து மணிக்கு டைப்ரைட்டிங் வகுப்பு. ஐந்தரைப் பாலை யார் கொடுப்பது? "நாய்ச் சமாச்சாரத்துக்கு என்னை இழுக்காதே" என்று அம்மா சாராள் முன்பே சொல்லிவிட்டாள். கூடை வீட்டுக்குள் வரக்கூடாது என்பதும் அவள் உத்தரவு. கடைசியில் கீழ்வீட்டு லோகநாயகி ஒத்துக்கொண்டாள். திண்டுக்கல் பக்கத்துக்காரி. நான்கு பிள்ளைகளை வளர்த்தவள்.

குமாரி பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, படிக்கட்டுச் சுவரில் மாட்டினாள். செவலை, வெள்ளைக்கால், கறுப்பு, சின்னது என்று நான்கு வரிசை. ஓரத்தில் நூலில் தொங்கும் ஒரு பென்சில்.

"குடுத்ததும் ஒரு டிக் போட்டுடுங்கக்கா. வேற ஒண்ணும் வேணாம்."

அன்று மாலை வகுப்பு சீக்கிரமே முடிந்து அவள் திரும்பியபோது லோகநாயகி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணுக்கால்களுக்கு நடுவே சின்னது மல்லாக்கப் படுத்திருந்தது. அதன் வாயில் பாலாடைச் சங்கு.

"அக்கா! மல்லாத்தக்கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்!"

"நாலு பிள்ளைக்குப் பாலாடையில ஊத்துன கையி இது. எனக்கா சொல்லித் தார?"

"பிள்ளை வேற, நாய் வேற அக்கா!"

"பசி ஒண்ணுதானடி?"

பாலாடையைப் பிடுங்கி, ஃபில்லரைக் கையில் திணித்து, குப்புற வைத்துக் காட்டி, போதும் போதும் என்றாகிவிட்டது. புதன்கிழமை லோகநாயகி முனகிக்கொண்டே சரியாகக் கொடுத்தாள். ஆனால் கட்டம் காலியாகவே இருந்தது. கேட்டால், "குடுத்தாச்சு, குடுத்தாச்சு" என்றாள். மறந்திருப்பாள் என்று குமாரி விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை ஆறே முக்காலுக்குத் திரும்பினால் கீழ்வீடு பூட்டியிருந்தது. லோகநாயகி திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போய்விட்டாள் என்றார்கள். கூடையில் குட்டிகள் முனகின. ஐந்தரைக் கட்டத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"கோயிலுக்குப் போற அவசரத்துல பட்டினி போட்டுட்டாங்களே!"

பல்லைக் கடித்துக்கொண்டு பாலைச் சுடவைத்தாள். குட்டிகள் சரியாகக் குடிக்கவில்லை. பசியில் துவண்டுவிட்டன என்று நினைத்துக் கெஞ்சிக் கெஞ்சிக் கொடுத்தாள். நான்காவதாகச் சின்னதை எடுத்தாள். மூன்றாவது ஃபில்லரில் அதன் மூக்கிலிருந்து பால் நுரைத்து வந்தது.

தலையைத் தாழ்த்திப் பிடித்தாள். மூக்கைத் துடைத்தாள். முதுகைத் தேய்த்தாள். அது ஒரு தும்மல் தும்மி மூச்சை இழுக்கும்வரை அவளுக்கும் மூச்சு வரவில்லை. அப்போதுதான் அதன் வயிறு விரலில் பட்டது. மத்தளம். மற்ற மூன்றும் அப்படியே.

லோகநாயகி பிரசாதத்தோடு வந்து நின்றாள். "அஞ்சரைக்கே குடுத்துட்டுத்தானடி போனேன்!"

"அப்ப டிக் ஏன் போடலை?"

லோகநாயகி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "பச்சப்பிள்ளை எம்புட்டுக் குடிச்சுச்சுன்னு எழுதி யாராச்சும் செவுத்துல தொங்கவிடுவாகளா? படியேறிப் போறவுக கண்ணெல்லாம் அது மேலதான். எம் பிள்ளைகளுக்கே நான் எண்ணிச் சொன்னதில்ல."

குமாரிக்குத் தலையைப் பிடித்துச் சுவரில் முட்டலாம் போலிருந்தது. யாருடைய தலையை என்பதுதான் தெரியவில்லை. 'வயிற்றைப் பார்' என்று எழுதி அடிக்கோடு போட்டதும் அவள்தான். வயிற்றைத் தொடாமல் காகிதத்தைப் பார்த்ததும் அவள்தான்.

அடுத்த வேளைப் பாலை நிறுத்தினாள். மறுநாள் முழுக்கச் சின்னதுக்குப் பேதி. "பேப்பரையே பாத்துக்கினு இருந்தா எப்டிம்மா?" என்று கஜபதி சத்தம் போட்டுத்தான் மருந்து கொடுத்தார். இனி வகுப்பே வேண்டாம் என்று குமாரி உட்கார்ந்துவிட்டாள்.

"பரீட்சைக்குப் பணம் கட்டிட்டு உக்காந்திருக்கா பாரு" என்று திட்டிக்கொண்டே வந்த லோகநாயகி, கண்மை டப்பாவைத் திறந்து சின்னதின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். "எல்லாம் திருஷ்டி."

குமாரி அந்தப் பொட்டையே பார்த்தாள்.

"அக்கா, ஒவ்வொரு வேளையும் பால் குடுத்தப்புறம் இப்படி வைப்பீங்களா? அடுத்த பாலுக்கு முன்னாடி நான் துடைச்சிடுறேன்."

"வைக்காம? வயிறு நெறஞ்சாத்தான கண்ணு படும்?"

"கறுப்புக்கு?"

"அதுக்குத் துன்னூறு."

மாடியிலிருந்து எட்டிப் பார்த்த சாராள், "கர்த்தாவே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். காலண்டர் அட்டை சுவரிலிருந்து இறங்கியது.

அதன்பின் மாலைகளில் குழப்பமில்லை. பொட்டு இருந்தால் பால் ஆயிற்று. சின்னது மெல்லத் தேறியது. பத்தாம் நாள் குமாரி வகுப்பு முடிந்து வந்து கூடையைப் பார்த்தாள். மூன்றுக்கு ஒவ்வொரு பொட்டு. சின்னதுக்கு நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று.

இரண்டு தடவையா? கீழ்வீடு பூட்டியிருந்தது. இந்தத் தடவை முதலில் வயிற்றைத் தொட்டாள். உருண்டையாக, மெத்தென்று இருந்தது. அப்படியும் ஃபில்லரை எடுக்காமல், சந்தேகத்தோடு படியிலேயே உட்கார்ந்திருந்தாள். லோகநாயகி ரேஷன் பையோடு வந்தாள்.

"அக்கா, சின்னதுக்கு ரெண்டு தடவை குடுத்தீங்களா?"

"ஒரு தடவைதான்டி. இன்னிக்கு அது கண்ணைத் தொறந்துச்சு. என்னையத்தான் மொதல்ல பாத்துச்சு. அதுக்கு ஒண்ணு."

குமாரி அவசரமாக நோட்டையும் பென்சிலையும் எடுத்தாள்.

"எழுதிப் பாரு, கையை ஒடிச்சுப்புடுவேன்" என்றாள் லோகநாயகி.