முன் சீட்டில் ஒரு ஓட்டை

சீட்டைப் பிரித்த அன்று கார் ஷெட்டில் இருந்தவர்கள் ஆறு பேர்: பெரியவர், அவருடைய மகன், மருமகள், பெரியவரின் தங்கை, தங்கையின் கணவர், சீட் தைப்பவர். ஏழாவதாக ஒரு எலி சீட்டுக்குள்ளிருந்து ஓடியது. அதைச் சாட்சியாகச் சேர்ப்பதற்கில்லை.

சாட்சி என்று சொல்லக் காரணம் உண்டு. வீட்டார் அத்தனை பேரும் எதிரில் நிற்காமல் சீட் தைப்பவர் எந்தப் பழைய வண்டியிலும் கத்தி வைக்க மாட்டார். உள்ளே கிடைப்பதையெல்லாம் ஒரு வெள்ளைத் துணியில் பரப்பிக் காட்டுவார். "நாளைக்குத் தோட்டைக் காணோம், மோதிரத்தைக் காணோம்னு என் தலையில கட்டக் கூடாது பாருங்க" என்பார்.

கார் பெரியவரின் அப்பா வாங்கி, அவரே ஓட்டியது. முப்பத்தொரு வருடம் தார்ப்பாய்க்குள் நான்கு கட்டைகளின் மேல் நின்றது. எஞ்சினை மகன் எப்படியோ ஓட வைத்துவிட்டான். உள்ளேதான் பரிதாபம். கூரைத்துணி வயிறு தள்ளித் தொங்கியது. கதவு அட்டைகள் ஊறி நெளிந்திருந்தன. தோல் சீட்டுகளில் பூஞ்சை சாம்பலாய்ப் படிந்திருந்தது. ஆனால் டேஷ்போர்டு மரத்தின் ஓரத்தில் அப்பாவின் இரண்டு முதலெழுத்துகள் மட்டும் அழியவில்லை. குடை, வாளி, ஏணி, எதுவானாலும் ஆணியால் தன் எழுத்தைக் கீறி வைப்பது அவர் வழக்கம்.

"எங்க வீட்டுல எதையும் மறைச்சு வெச்சுப் பழக்கமில்ல" என்று மருமகளிடம் அதைத் தடவிக் காட்டினார் பெரியவர்.

முன் சீட்டின் நடுவே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. தங்கைக்கு எட்டு வயதில், கொண்டை ஊசியால் அவள் குடைந்தது அது என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். பதினோரு வயது அண்ணன் சாட்சி சொன்னான். அன்றோடு அவளுக்கு முன் சீட் போயிற்று. குத்தூசி என்ற பட்டப்பெயர் வந்தது. ஐம்பத்து நான்கு வருடமாக அவள் "நான் செய்யல" என்கிறாள். அவர் "அப்பா தீர்ப்பு தீர்ப்புதான்" என்கிறார்.

"அந்தக் குத்தூசிய இப்படிக் குடுங்க" என்றார் சீட் தைப்பவர்.

"என்னையா கூப்பிட்டீங்க?" என்றாள் தங்கை. அவள் கணவர் சிரிப்பை இருமலாக்கினார்.

சீட் தைப்பவர் ஓட்டையின் ஓரத்தை நகத்தால் சுண்டிப் பார்த்தார். "இது ஊசி வேலை இல்லைங்க ஐயா. ஊசின்னா தோல் கிழியும். இது சுருண்டு கல்லாட்டம் கெட்டியாயிருக்கு. கங்கு விழுந்திருக்கு. சிகரெட்."

"எங்க வம்சத்துல நாலு தலைமுறையா யாரும் அதத் தொட்டதில்ல."

"தோலுக்கு வம்சம் தெரியாதுங்களே."

"அப்ப எட்டு வயசுல நான் சிகரெட்டும் பிடிச்சேன்னு ஒரு சாட்சி சொல்லிடு அண்ணா" என்றாள் தங்கை.

பெரியவரின் முதுகு இன்னும் ஒரு அங்குலம் நிமிர்ந்தது. "பிரிங்க" என்றார்.

தையல் பிரிந்தது. குதிரைமுடித் திணிப்பு கொத்துக்கொத்தாக வந்தது. வெள்ளைத் துணியில் ஒரு சீப்பு, இரண்டு சட்டைப் பொத்தான், எலி குதறிய ஒரு குழந்தைக் காலுறை. பிறகு ஓட்டுபவர் உட்காரும் பக்கத்தில், ஸ்பிரிங்குகளுக்கு அடியில், சாக்குத் துணியில் யாரோ பொறுமையாகத் தைத்த ஒரு பை. அதற்குள் ஒரு தகரச் சிகரெட் டப்பா. சீட் தைப்பவர் அதன் மூடியைப் பார்த்தார். துணியில் வைக்காமல் பெரியவரிடம் நீட்டினார். மூடியில் அந்த இரண்டு எழுத்துகள்.

பெரியவரின் உள்ளங்கை மூடியின் மேல் விழுந்தது.

"எவனாவது மெக்கானிக் ஒளிச்சு வெச்சிருப்பான் ஐயா" என்றார் சீட் தைப்பவர், தரையைப் பார்த்தபடி.

நல்ல மனிதர். தலையாட்டினால் போதும். ஐம்பத்து நான்கு வருடத்துக்கு முன்பும் அப்படித்தான், தலையாட்டினால் போதும் என்றிருந்தது. முன் சீட் முழுதும் தனக்குத்தான் என்பதும் அந்தப் பையனுக்கு அப்போது தெரிந்திருந்தது. எதிரே நரைத்த தலையோடு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு தங்கை நின்றாள். கையை எடுத்தால் அப்பா போய்விடுவார். எடுக்காவிட்டால் இன்னொரு முறை இவள்.

கையை எடுத்தார். டப்பாவை அவர் வெள்ளைத் துணியில் எழுத்து தெரியும்படி வைத்தார்.

"அப்பாவோடது" என்றார். "என் சாட்சியும் பொய். ஊசி உன் கையில இருந்ததத்தான் பார்த்தேன். குத்தினதப் பார்க்கல."

தங்கை இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"இத்தன வருஷம் பின்னாடி உக்காந்து உன் பிடரியவே பார்த்துட்டு வந்தேன்" என்றாள் தங்கை. "அது ஒண்ணும் பார்க்கற மாதிரியும் இல்ல." பிறகு சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணில் நீர் வரும்வரை நிறுத்தவில்லை. "அப்பாவும் பாவம், ஒரு தம் அடிக்க சீட்டையே தைச்சிருக்காரு."

"மச்சான், வம்சத்துல இப்ப எத்தன தலைமுறைன்னு சொல்றது?" என்றார் அவள் கணவர்.

"மூணு" என்றார் பெரியவர். அவர் கணக்கில் என்றும் கறார்.

ஓட்டை விழுந்த தோலை மாற்றிவிடலாமா என்று சீட் தைப்பவர் கேட்டார். "மத்ததெல்லாம் புதுசாக்குங்க. அது இருக்கட்டும். அதுவும் அப்பா கீறின எழுத்துதான்" என்றார் பெரியவர்.

ஐந்து வாரத்தில் வேலை முடிந்தது. கூரைத்துணி விறைப்பாக நின்றது; தோல் எண்ணெய் குடித்து மினுங்கியது. முதல் ஓட்டத்தில் முன் சீட்டில் தங்கை. பின்னால், நடுவில், முதுகு சாயாமல் பெரியவர். வழி நெடுக அவள் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தார், குறை சொல்லவில்லை.

சீட்டைப் பிரித்த அன்று, எல்லோரும் போன பிறகு, அண்ணனும் தங்கையும் ஷெட்டில் உட்கார்ந்து அந்த டப்பாவில் மீந்திருந்த சிகரெட்டை ஆளுக்கொன்று பிடித்தார்கள் என்று தங்கையின் கணவர் பார்த்தவரிடமெல்லாம் சொல்லி வருகிறார். அது சுத்தப் பொய். டப்பாவில் இருந்த ஒன்பது தீக்குச்சியும் நமத்துப்போயிருந்தன.