கையில் கொடுத்துக் காட்டும் கடை

பக்கத்து செல்போன் கடையில் பட்டப்பகலில் கொள்ளை போனதிலிருந்து கடிகாரக் கடைக்காரருக்குத் தூக்கம் போயிற்று. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கைக்கடிகாரங்கள்தான் குடும்பத்துக்குச் சோறு. அதை ஒருவன் அள்ளிக்கொண்டு போனால், ஷட்டரை இழுத்து மூடிவிட்டு மச்சான் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் காவல் கேட்டார்.

"ஏதாவது நடந்தா போன் பண்ணுங்க, வர்றோம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"நடக்காம இருக்கத்தான் சார் வந்தேன்."

"நடக்காததுக்கெல்லாம் நாங்க எப்படிங்க வர்றது?"

இந்த ஞானோபதேசத்தைக் கேட்டுக்கொண்டு நேரே போய், லைசென்ஸோடு ஒரு துப்பாக்கி வாங்கினார். விற்றவனைப் பேரம் பேசியே அழவைத்து, தோலுறையையும் இனாமாகப் பிடுங்கிக்கொண்டார். அதைத் தெரு முழுக்கக் காட்டியும் வந்தார்.

"இனி எவன் வர்றான்னு பாக்கறேன்," என்றார் மனைவியிடம்.

"வந்தா உங்களுக்கு அதை எடுக்கத் தெரியுமா?" என்றாள் அவள்.

ஒருவன் வந்தான். கையில் வெறும் திருப்புளி. "பெட்டியைத் திற," என்றான்.

கடைக்காரர் துப்பாக்கியை எடுத்து நீட்டினார். அதுவரை சிங்கம்தான். திருடன் முகம் வெளுத்தது. பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"அண்ணே, இது ஒரிஜினலா?"

"என்னடா கேக்கற?"

"இல்ல, இதுல டூப்ளிகேட் நிறைய வருது. உங்க தலையில கட்டிட்டானோன்னு பாத்தேன்."

உயிரை எடுப்பேன் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வார். கொள்முதலைக் குறை சொன்னால் மனுஷன் பொறுக்கமாட்டார். "என் தலையிலயா? வெயிட்டை நீயே பாரு," என்றவர், சந்தேகப்படும் வாடிக்கையாளருக்குச் செய்கிற மாதிரியே, கைப்பிடி அவன் பக்கம் வரும்படி திருப்பி, வெல்வெட் தட்டில் வைத்து, பணிவாக நகர்த்தினார்.

திருடன் எடை பார்த்தான். "ஒரிஜினல்தான்," என்று ஒப்புக்கொண்டான். "இப்பப் பெட்டியைத் திறங்கண்ணே."

எல்லாம் முடிந்தபின் இன்ஸ்பெக்டர் வந்தார். சொன்ன சொல் தவறாதவர்.

"வரும்போது அவன் கையில என்ன இருந்துச்சு?"

"திருப்புளி சார்."

"போகும்போது?"

கடைக்காரர் தட்டைப் பார்த்தார்.

"ஆயுதம் வச்சிருக்கான். அப்ப நாங்க உடனே பின்னாடி போக முடியாதுங்க. மேலிடத்துல கேக்கணும்," என்று இன்ஸ்பெக்டர் நிம்மதியாகத் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

காலிப் பெட்டியை மனைவி ஒருமுறை துடைத்து மூடினாள்.

"அண்ணனுக்குப் போன் பண்ணிட்டேன், கிளம்புங்க. அந்த உறையையும் எடுத்துக்கோங்க. மூக்குக் கண்ணாடி வச்சுக்க ஆகும்."