ஞானமகள் வந்த வீடு

பிரான்சின் பிரித்தானிக் கரையில் முத்திரைத்தாள் வரியை எதிர்த்து நாங்கள் செய்த கலகம் தோற்ற வருஷம், ராஜாவின் சிப்பாய்கள் எங்கள் கோயில் மணியை இறக்கி உடைத்தார்கள். மறுநாள் விடியலில் அதன் ஓசை மட்டும் மாஸேயின் வீட்டில் குடியேறியது. யாருக்கும் ஆச்சரியமில்லை. எங்கள் பக்கம் மணிக்கும் ஞானஸ்நானம் உண்டு, பெயர் உண்டு. அவளுக்கு ஞானத்தகப்பனாக நின்று, "நாதியத்துப் போனா என் வீட்டுக்கு வா" என்று வாக்குக் கொடுத்தவன் மாஸேதான். வேறெங்கே போவாள்?

கலகத்துக்கு ஊரைக் கூட்ட அபாயமணி அடித்தவன் கோயில் மணிக்காரன் கூல்வென் என்று காட்டிக்கொடுத்தவனும் அந்தப் புண்ணியவான்தான். அதற்கு ராஜா அவனுக்கு ஆயுசுக்கும் வரிவிலக்கும், வெள்ளிப் பொத்தான் வைத்த கோட்டும் தந்தார். கூல்வெனுக்குத் தூக்கு; ஈஸ்டர் கழியட்டும் என்று வைத்திருந்தார்கள். அவன் மனைவி அஸெனோர் தினமும் சிறைவாசலுக்குக் கூழ் சுமந்தாள்.

ஓசை முதலில் ஒழுங்காகத்தான் இருந்தது. தவக்காலம் பிறந்ததும் அபாயமணியை ஆரம்பித்துவிட்டது. சிப்பாய்கள் துப்பாக்கியோடு ஓடிவந்து மாஸேயின் கழுத்தைப் பிடித்தார்கள். ராஜா தந்த வெள்ளிப் பொத்தான் கோட்டைக் காட்டித் தப்பினான். இப்படியே பலமுறை. கடைசியில் தளபதி, இன்னொரு தரம் கேட்டால் கூல்வெனுக்குப் பக்கத்திலேயே அவனுக்கும் கயிறு என்று சொல்லிவிட்டார்.

மாஸே அஸெனோரிடம் ஓடினான். "தங்கச்சி, அவளை எப்படிம்மா அடக்குறது?"

"எங்க வீட்டுக்காரர் கை பட்டாத்தாண்ணே அடங்குவா. அவரைத்தான் நீங்க பத்திரமா உள்ள வச்சிருக்கீங்களே."

அன்றே அவன் தளபதியின் காலில் விழுந்தான். "இருட்டுல ஆள் தெரியல தொரை. நான் சொன்னது தப்பு. அன்னைக்கு மணி அடிச்சது காத்து."

"காத்தா?"

"எங்க ஊர்க் காத்து கொஞ்சம் அப்படித்தான் தொரை."

தளபதியும் தூங்கி வாரக்கணக்காகியிருந்தது. காற்றே குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லி, கூல்வெனை விட்டுவிட்டார்.

கூல்வென் நேராக மாஸேயின் கூடத்துக்கு வந்தான். இல்லாத கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இறக்கினான். "போதும்டி கண்ணு" என்றான். அடங்கினாள். அஸெனோர் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அப்புறம் பசிக்கிறது என்றாள். அப்பாடா என்றிருந்தது எங்களுக்கு.

அதன்பின் பூசைக்கும் சாவுக்கும் மாஸேயின் கூடத்தில் நின்றுதான் கூல்வென் மணியடித்தான். அந்த ஈஸ்டரன்று மட்டும் மணி வெகு தாமதம், ஊரே பூசைக்குப் பிந்திப் போனது. அஸெனோர் அவனைத் தூங்க விட்டிருந்தாள்.