மேலே போய் வந்த பேச்சு

"கேயூ பேண்டுக்கு மழைன்னா ஆகாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். யாரு கேட்டா?" என்று சேனலின் நேரலை வேன் கதவை இழுத்துச் சாத்தினாள் அக்கா. கேயூ பேண்ட் அலையில் செயற்கைக்கோளுக்குப் படம் அனுப்பும், கூரையில் இருந்த சின்ன டிஷ்ஷின் மேல் தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

"சி பேண்டுக்கு மழையெல்லாம் தூசுதான்க்கா. ஆனா அவ்வளவு பெரிய டிஷ்ஷ ஏத்தினா வேன் எங்க நகரும், உக்காந்துடும்," என்றான் ஒட்டடைக்குச்சி. ஒல்லியாக, உயரமாக இருப்பதால் கேமராமேனுக்கு அந்தப் பெயர். கேமராவை வெளியே ஸ்டாண்டில், குடைக்கு அடியில் நிறுத்திவிட்டு, உலர்ந்த துணி எடுக்க உள்ளே வந்திருந்தான்.

சேனலில் எல்லோருக்கும் அவள் அக்காதான். உண்மையில் அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவன், விரிசல் விட்ட பாலத்தின் முன்னால் மைக்கோடு நிற்கிற நிருபர். உடன்பிறந்த தம்பி. படத்தை விண்ணுக்கு அனுப்புகிறவள் அவள், படத்தில் தெரிகிறவன் அவன். முகம் தெரிகிறவனுக்குத்தானே மரியாதை, அது எந்த ஊரில்தான் இல்லை?

தலைமை நிலையத்தில் ஓர் இடம் காலியாகியிருந்தது. பகல் வேலை. தரையில் ஊன்றி நிற்கும் பெரிய சி பேண்ட் டிஷ்கள், எத்தனை மழை பெய்தாலும் அசைந்து கொடுக்காதவை. அவளும் அப்படி ஓரிடத்தில் நிற்க ஆசைப்பட்டாள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவைப் பக்கத்து வீட்டில் கெஞ்சி ஒப்படைத்துவிட்டு ஊர் ஊராக ஓட வேண்டாம். நிலையம் இருப்பதும் தம்பி குடியிருக்கிற ஊரில்தான். அம்மாவை அங்கேயே கூட்டிப் போய்விடலாம். "நீ பேசாம இரு அக்கா, சீஃப்கிட்ட நான் பேசறேன்," என்று அவன் சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பைத்தியக்காரி.

முதல் நேரலை முடிந்தது. ஸ்டூடியோ விளம்பரத்துக்குப் போனது. கேமராவில் சிவப்பு விளக்கு அணைந்தால் மைக்கும் செத்துவிட்டது என்று தம்பிக்கு நினைப்பு. எத்தனையோ முறை சொல்லியாயிற்று. அடுத்த நேரலை வரைக்கும் படமும் பேச்சும் செயற்கைக்கோளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். அவன் கைப்பேசியைக் காதில் வைத்துத் திரும்பி நின்றான்.

"சொல்லுங்க சீஃப்... அக்காவா? வேணாம் சார். அவங்க நம்ம ஊருக்கு வந்தா அம்மாவும் கூடவே வரும். அப்புறம் எல்லாம் என் தலைல விடியும், என் வீட்ல தாங்காது. அவங்களே வேணாம்னுட்டாங்கன்னு போட்டுக்குங்க."

அவள் மாட்டியிருந்த ஹெட்ஃபோனின் வலது காதில் மைக்கிலிருந்து நேராகக் கேட்டது. அவள் மூச்சு விடுவதற்குள், செயற்கைக்கோள் வரை போய்த் திரும்பிய அதே பேச்சு இடது காதில் வந்தது. ஒரு சொல் குறையவில்லை. பாவி, ஒரு தடவை கேட்டது போதாதா?

வேனின் ஸ்பீக்கரில் ஒட்டடைக்குச்சிக்கும் கேட்டிருந்தது. துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். பிறகு குனிந்த தலையோடு வெளியே இறங்கிப் போனான்.

தலைமை நிலையத்திலிருந்து போன் வந்தது. பணியில் இருந்தவரின் குரல் தயங்கியது. "மேடம், உங்க ரிப்போர்ட்டர் மைக் திறந்திருக்கு. நான்... எதையும் கவனிக்கல." அவள் போய் உட்கார ஆசைப்பட்ட அறையிலிருந்துதான் அவர் பேசினார்.

"சரிங்க," என்றாள். அவனுக்கு ஓர் இடம் கேட்டுக் கல்லூரி வாசலில் காத்து நின்றதெல்லாம் ஞாபகம் வந்து, எரிச்சலாக இருந்தது.

தூறல் வலுத்துக் கொட்டத் தொடங்கியது. சிக்னல் மீட்டரில் எண்கள் இறங்கின. திரையில் தம்பி தலையைக் கோதிக்கொண்டு, ஊர்த் துயரத்தையெல்லாம் முகத்தில் வரவழைத்தான். கைதேர்ந்தவன்.

"மேடம், படம் உடையுது. பவர் ஏத்துங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல ஸ்டூடியோவுல உங்க நேரலைக்கு வர்றாங்க," என்றது போன்.

ஏற்றினால் படம் உடையாமல் நிற்கும். ஏற்றாவிட்டால் மழைமேல் பழியைப் போடலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். விரல்கள் பவர் குமிழைப் பிடித்தன. திருகவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. தம்பியின் முகம் கன்னத்தில் தொடங்கிக் கட்டம் கட்டமாகச் சிதறியது.

"அக்கா, சிக்னல் இருக்கா?" என்றான் வலது காதில்.

அவள் குமிழிலிருந்து விரல்களை எடுத்துக்கொண்டாள். கூரையில் மழை அறைந்தது. இடது காதில், மேலே போய்த் திரும்பும் வழியில் மற்றதெல்லாம் மழையில் உடைந்து, "அக்கா" மட்டும் வந்து சேர்ந்தது.