குடிக்க மட்டும்

பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்த சித்தப்பா மண்ணாங்கட்டி, மூர்த்தியைப் பார்த்ததும் கத்தியைக் கீழே போட்டார்.

"இவன் எதுக்குடா வந்தான்? இன்னும் எதுக்காவது சீல் வெக்கணுமா?"

மூர்த்தி செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலிலேயே நின்றான். உள்ளே கிடத்தியிருப்பது அவன் அண்ணன் காசியை.

அது எண்பத்து மூன்றாம் வருடம். மழை பொய்த்து ஏரி வற்றியபோது, மிச்சத் தண்ணீர் குடிக்க மட்டும் என்று உத்தரவு வந்தது. கரையில் ஆயில் இன்ஜின் வைத்து இறைப்பவர்களைத் தடுப்பது, பாசன ஆய்வாளரான மூர்த்தியின் வேலை. அண்ணனை விட்டுவிட்டால் ஊரில் எவன் கேட்பான் என்று, முதல் சீல் காசியின் இன்ஜினுக்குத்தான் வைத்தான்.

"கதிர் வர்ற நேரம்டா. ஒரே ஒரு தண்ணி உட்டுக்கறேன்."

"முடியாதுண்ணா. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

காசி அதற்குமேல் கேட்கவில்லை. கிணற்றின் அடியில் ஊறியதைக் குடத்தில் மொண்டு, தோளில் சுமந்து பயிருக்கு ஊற்றினார். நேற்று மத்தியானம் வரப்பில் விழுந்தவர் எழுந்திருக்கவேயில்லை.

தலைமாட்டில் இருந்த அண்ணி பச்சையம்மாள் வாசலைப் பார்த்தாள்.

"தம்பிய உள்ள உடுங்க மாமா. புள்ளையில்லாத மனுசன். கொள்ளி வெக்க வேற யாரு இருக்காங்க?"

மூர்த்தி அண்ணன் காலருகே உட்கார்ந்தான். "அண்ணி, நான்..."

"தோள் வலிக்குதுன்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு. உங்கள ஒரு வார்த்த ஏசல. தம்பி சட்டப்படிதான் செஞ்சான்னாரு."

அவள் குரலில் கோபம் இல்லை.

கொள்ளிச் சட்டியோடு அவன் முன்னால் நடக்க, பாடை பின்னால் வந்தது. ஏரிக்கரையில் திரும்பியதும் இன்ஜின் ஓடும் சத்தம் கேட்டது. பஞ்சாயத்துத் தலைவருடையது. காசிக்கு வைத்த அன்றே அதற்கும் சீல் வைத்திருந்தான். நடை தானாக நின்றது.

"உங்க பெரிய ஆபீசர் போன வாரமே ஜீப்புல வந்து பிரிச்சி உட்டுட்டாரே. ஒனக்குத் தெரியாதா?" என்றார் மண்ணாங்கட்டி. மூர்த்தி கொள்ளிச் சட்டியைக் கை மாற்றிக்கொண்டான். "சரி, நட. வெயில் ஏறுது."

சுடுகாட்டுப் பாதையைக் குறுக்கே வெட்டி, தலைவர் வயலுக்கு வாய்க்கால் ஓடியது. பாடை தூக்கியவர்கள் வேட்டி நனைய அதில் இறங்கிக் கடந்தார்கள். பின்னால் வந்தவர் இறைத்த பொரி தண்ணீரில் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, பச்சை நெல்லைப் பார்த்து மெதுவாகப் போயிற்று.