பட்டனில் காய்ந்த சந்தனம்

"ஸ்க்ரூ டிரைவரை என்கிட்ட குடுங்க சார். நான் திறக்கறேன்."

வாடிக்கையாளர் வீட்டில் இதை மட்டும் கேட்கவே கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார் தசரதன். அவர் கம்ப்யூட்டர் கடையில் நான் பில் போடலாம், டைப்பிங் சொல்லித் தரலாம், சர்வீசுக்குப் போனால் பையைத் தூக்கலாம். கேபினெட்டைத் திறப்பது அவர் வேலை. கீழ்பென்னாத்தூரில் கடலைக்காட்டு வேலை செய்யும் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். பைதான் தூக்கிக்கொண்டிருந்தேன்.

பே கோபுரத் தெருவில் சைலஜா அக்கா வீட்டுக்கு வந்திருந்தோம். தீபாவளிக்கு முன்னாலிருந்தே கம்ப்யூட்டர் சண்டித்தனம். பட்டனை அழுத்தினால் ஒரு நேரம் வரும். ஒரு நேரம் வந்த வேகத்தில் அணையும். ஒரு நேரம் அசையாது. மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் தசரதன் ஏற்கெனவே மாற்றியிருந்தார். இன்று, "மதர்போர்டு போச்சுங்க, மாத்தணும்" என்றார்.

"அந்தப் பொண்ணு கேக்குதே, குடுங்களேன்" என்றார் அக்கா.

வேறு வழியில்லாமல் நீட்டினார். "பாத்து. தையல் மெஷின் இல்ல இது."

"தையல் மெஷினும் பிரிப்பேன் சார்."

பக்கத் தகட்டைக் கழற்றினேன். பட்டனிலிருந்து போர்டுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அது செருகியிருந்த இரண்டு முள்ளையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் சேர்த்துத் தொட்டேன். விசிறி சுற்றியது. அணைத்துவிட்டு மறுபடி தொட்டேன். ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை.

"போர்டு நல்லா இருக்கு. பட்டன்தான் கோளாறு."

முன்மூடியைக் கழற்றினால், பட்டனைச் சுற்றி உள்ளே வரைக்கும் இறங்கிக் காய்ந்த சந்தனம், மேலே குங்குமம். ஆயுத பூஜைப் பொட்டு. அழுத்திய பட்டன் திரும்பி வராமல் அதில் சிக்கிக்கொள்கிறது.

அக்கா சிரித்துவிட்டார். "நான்தான் வெச்சேன். நல்லா தெரியட்டும்னு ஜாஸ்தியா வெச்சுட்டேன்."

"அடுத்த வருஷம் மானிட்டருக்கு நெத்தியில வைங்கக்கா."

சுரண்டித் துடைத்து மாட்டினேன். அக்காவையே அழுத்தச் சொன்னேன். வந்தது; அணையாமல் நின்றது.

தசரதன் கனைத்தார். "எதுக்கும் போர்டை மாத்திடறது நல்லதுங்க."

"தேவையில்லக்கா."

"வேதா, நாளையிலேருந்து நீ டைப்பிங் கிளாஸ் மட்டும் பாரு. வெளி வேலை வேணாம்."

ஸ்க்ரூ டிரைவரை அவர் பையில் போட்டேன். என்னிடம் இருந்த கடைச் சாவியையும் போட்டேன்.

"திரும்பக் கெட்டா யாரைக் கூப்புடறது?" என்றார் அக்கா.

"என்னை."

வாசலில் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து தசரதன் ஏதோ சொன்னார். ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டதும் கொடுத்திருந்தால்கூட, நல்ல போர்டை மாற்றச் சொல்லும் அந்தக் கடைக்கு நான் திரும்பியிருக்க மாட்டேன். தெருவில் இறங்கி நடந்தேன். ஊருக்குப் பஸ் ஏறுவதற்குள் எனக்கென்று ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்க வேண்டும்.